வெள்ளைப்பட்டைக்குக் கீழே ஒரு வீடு

மலை முகாம்
மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் வாண்டுவும் நலமா? உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? குனிந்தபடியே இழைப்புளி தள்ளாதே, பட்டறை மேசையை உயர்த்திக்கொள் என்று போன வருடமே சொன்னேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

இங்கே செல்போன் வெறும் கடிகாரம்தான். வாரம் ஒருமுறை மளிகை ஏற்றிக்கொண்டு வரும் ஜீப்பில்தான் கடிதம் வரும், போகும். அதனால் சோம்பேறித்தனம் பார்க்காமல் எழுது.

இந்தச் சரிவில் எந்த மரம் எங்கே நிற்கிறது, அதன் காலடியில் என்ன மண் இருக்கிறது என்று பார்ப்பதுதான் இம்முறை வேலை. கயிறு கட்டிச் சதுரம் பிரிக்கிறோம். மரத்தின் சுற்றளவை அளக்கிறோம். பக்கத்தில் குழி தோண்டி, மண்ணை எடுத்துக் கையில் பிசைந்து பார்க்கிறோம். மேலே பாறைமேல் ஒரு சாண் மண்தான். அங்கே கறுத்த, முறுக்கிக்கொண்ட குட்டை மரங்கள். கீழே வர வர மண் ஆழமாகிறது, ஈரம் ஏறுகிறது, வெள்ளைப் பட்டையோடு நெடுநெடுவென்று வேறொரு ஜாதி. விதை எல்லா இடத்திலும்தான் விழுகிறது. யாரை வளர விடுவது என்று மண்தான் முடிவு செய்கிறது. கருங்குட்டை, வெள்ளைப்பட்டை என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவாய் என்று கேட்காதே, ஒற்றை அறை எங்காவது கிடைக்கும். உன் வாடகை வீட்டில் நாலாவது ஆளுக்குக் கால் நீட்ட இடமில்லை என்பது எனக்குத் தெரியும்.

எல்லோருக்கும் என் அன்பு.
அக்கா


பட்டறை
மார்ச் 19

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மேசையை உயர்த்திவிட்டேன். இடுப்பு வலி போய்த் தோள் வலி வந்திருக்கிறது. அடுத்த யோசனை இருந்தால் சொல். வாண்டுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. "அத்தை வர்றதுக்குள்ள முளைச்சிடுமா?" என்று தினமும் கண்ணாடியைப் பார்க்கிறாள்.

நீ சொல்லும் கருங்குட்டையில் ஒரு துண்டு என் கைக்கும் வந்தது. உளி திரும்பிக்கொள்கிறது. அவ்வளவு வைரம். பட்டினி கிடந்து வளர்ந்த மரம் இல்லையா. அதில் ஒரு ஜன்னல் சட்டம் செய்துகொண்டிருக்கிறேன். யாருக்கு என்று கேட்காதே. வெள்ளைப்பட்டையோ அறுக்கச் சுகம், வாசல் நிலைக்கு ஆகாது. ஒரு மழைக்கே நெளிந்துவிடும்.

ஒன்று கேட்க வேண்டும். மலைக்குக் கீழே, ஊரை ஒட்டி வெள்ளைப்பட்டை அடர்த்தியாக நிற்கிறதே, அங்கே மண் நல்ல மண்தானா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி


மலை முகாம்
ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ கேட்டது நல்ல வேளை, நேற்றுதான் அந்தப் பக்கம் தோண்டினோம். நல்ல மண்ணா என்றா கேட்கிறாய்? இந்த மலையிலேயே அதுதான் முதல்தரம். இரும்புக் குழாயை அழுத்தினால் பிசைந்த மாவுக்குள் போவதுபோல் போகிறது, ஒரு கல் தட்டுப்படவில்லை. கருகருவென்று, கையில் ஒட்டும் ஈரத்தோடு. வெள்ளைப்பட்டை அங்கே கொடுத்து வைத்தவன்.

எதற்குக் கேட்டாய்? மரம் வாங்கப் போகிறாயா? நிலைக்கு ஆகாது என்று நீயே சொல்லிவிட்டு?

வாண்டுவிடம் சொல், பல் முளைக்காவிட்டாலும் அத்தை வருவாள்.
அக்கா


பட்டறை
மே 10

அக்காவுக்கு,

அனைவரும் நலம். தாமதத்துக்குக் கோபிக்காதே, வேலை தலைக்கு மேல். வெளிவேலை ஒன்று எடுத்திருக்கிறேன். பொழுதுக்கும் அங்கேதான். கறுத்துப் போய்விட்டேன், பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது.

உன் கடிதத்தை உன் தம்பி பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டினேன். "அண்ணியே சொல்லிட்டாங்களா, அப்ப சரி" என்றாள். என்ன சரி என்று கேட்காதே, நேரில் வரும்போது காட்டுகிறேன்.

உன் முகாமிலிருந்து பார்த்தால் ஊரின் இந்தப் பக்கம் தெரியுமா? இனிமேல் பட்டறை முகவரிக்கே எழுது. வீட்டு முகவரி வேண்டாம்.

தம்பி


மலை முகாம்
ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? வீட்டு முகவரி ஏன் வேண்டாம்? வீட்டுக்காரரோடு சண்டையா? ஒழுங்காகப் பதில் எழுது.

ஊர் தெரியுமா என்றாய். மேகம் இல்லாத காலையில் நன்றாகத் தெரியும். அதனாலேயே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொல்கிறேன்.

வெள்ளைப்பட்டை நிற்கும் இடத்தை முழுவதும் வரைந்து முடித்தோம். வரைபடத்தில் பார்த்தால் நாக்கு நீட்டியதுபோல் இருக்கிறது. இரண்டு பக்கமும் கல், கல்மேல் கருங்குட்டை. நடுவில் மட்டும் ஆழ மண், அதில் வெள்ளைப்பட்டை. ஒரு மலைச்சரிவில் இப்படி ஆழமாக மண் எங்கிருந்து வந்தது? அத்தனை வெள்ளைப்பட்டையும் ஏன் ஒரே வயது? முதலில் பார்த்தபோது எனக்கு உறைக்கவே இல்லை. மேலே இருந்தது எப்போதோ மொத்தமாகச் சரிந்து வந்து குவிந்திருக்கிறது. அந்த வெறும் மண்ணில் எல்லா விதையும் ஒன்றாக முளைத்திருக்கிறது. கல் இல்லாமல், தளர்ந்து, தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும் மண். மரத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? வீட்டுக்கு அதைவிட மோசம் எதுவும் இல்லை. அதோடு, மரங்களெல்லாம் அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்திருக்கின்றன. காலடி மண் இன்னமும் மெல்ல நகர்கிறது என்று அர்த்தம்.

அந்த நாக்கின் நுனியில் எவனோ ஒரு மடையன் வீடு கட்டுகிறான். நீலத் தகரம் போட்ட கூரை, பக்கத்தில் ஒரு கொட்டகை. சரிவை வெட்டி மட்டம் செய்திருக்கிறான். முட்டுக்கொடுத்த கட்டையை உருவியதுபோல. பளபளவென்று அந்த நீலம் தெரியும்போதெல்லாம் வரைபடத்தை எடுத்துத் திரும்பவும் பார்க்கிறேன். யார் அவன், உனக்குத் தெரியுமா?

அக்கா


பட்டறை
ஜூலை 20

அக்காவுக்கு,

நலம். வாண்டுவுக்குப் பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணல். உன் ஜாடை என்கிறார்கள்.

மழை பிடித்துவிட்டதால் மரமெல்லாம் ஊறிக்கிடக்கிறது. கதவு எதுவும் சேர மாட்டேன் என்கிறது.

ஒன்று கேட்கட்டுமா? அப்படிச் சரிந்த மண் மறுபடி சரிந்துதான் ஆக வேண்டுமா? மரம்தான் வேர்விட்டுப் பிடித்திருக்கிறதே. அந்த மரங்களுக்கு எப்படியும் அறுபது வயதாவது இருக்கும், இத்தனை காலம் நிற்காமலா போயிற்று? கருங்கல்லில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினால் போதாதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

தம்பி


மலை முகாம்
ஆகஸ்ட் 16

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம்தானே? எனக்குக் கணுக்கால் பிசகியிருக்கிறது. எப்படி என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரு வாரமாக விடாத மழை. நாக்கின் தலைப்பக்கம், கருங்குட்டை முடிந்து வெள்ளைப்பட்டை தொடங்கும் இடத்தில் நிலம் வெடித்திருக்கிறது. இலை மூடிக் கிடந்ததால் தெரியவில்லை, என் கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. எடுத்துவிட்டுப் பார்த்தால் வெடிப்புக்குக் குறுக்கே வேர்கள் துணி காயப்போடும் கொடிபோல இழுபட்டு விறைத்து நிற்கின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று அறுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். வேர் பிடிக்கும், எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவுதான் பிடிக்கும். இந்த மண் அதைவிட ஆழம். தடுப்புச் சுவரா? முழு மலையும் முதுகைச் சாய்க்கும்போது உன் சுவர் என்ன செய்யும்?

அலுவலகத்துக்கு எழுதினேன். மழை நின்றதும் ஆள் அனுப்பிப் பார்ப்பார்களாம். மரத்தைப் பார்த்து மலை நகரும் என்று சொல்வது அவர்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. ஊருக்குள் இருப்பவன் நீதான். இன்றே அந்த நீலக் கூரைக்காரனைப் போய்ப் பார். கையைப் பிடித்தோ காலைப் பிடித்தோ அவனை அங்கிருந்து கிளப்பு. கொட்டகையில் துணி காய்வது தொலைநோக்கியில் தெரிந்தது, சின்னச் சின்னதாக. குழந்தை இருக்கிற வீடு. என்ன நடந்தது என்று உடனே எழுது.

அக்கா


பட்டறை
ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

கணுக்காலுக்கு ஓய்வு கொடு, மேலே ஏறி வேலை பார்க்காதே.

நீ சொன்ன ஆளைப் பார்த்தேன். நல்லவன்தான், ஆனால் பிடிவாதக்காரன். "கூரை போட்டாச்சு, ஜன்னல் வைக்கிறது ஒண்ணுதான் பாக்கி, இப்பப் போயி விட்டுட்டுப் போன்னா எப்படி?" என்கிறான். வெட்டிய இடத்தில் கல் அடுக்கிக்கொண்டிருக்கிறான். வாழ்நாளில் அவன் எதையும் சொந்தமாகக் கட்டியதில்லையாம். எல்லாம் அடுத்தவர் வீட்டு வாசலுக்கும் ஜன்னலுக்கும்தான் செய்திருக்கிறானாம். மழை குறைந்ததும் யோசிப்பதாகச் சொன்னான். நான் என்ன செய்யட்டும்?

வேறொன்றும் விசேஷமில்லை.
தம்பி


ஆகஸ்ட் 27

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கால் எப்படி இருக்கிறது? உங்கள் தம்பி கடிதத்தை ஒட்டிக் கொடுத்த பிறகு, ஜீப்காரரை மறித்து அவர் வண்டியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்கள் தம்பிக்குத் தெரியாது. தெரிந்தால் தெரியட்டும்.

அந்த மடையன் உங்கள் தம்பிதான், அண்ணி.

வாடகை வீட்டை மே மாதமே விட்டுவிட்டோம். கொட்டகையில்தான் இருக்கிறோம். நீங்கள் பார்த்தது வாண்டுவின் துணி. நீங்கள் ஓய்வு பெற்று வரும்போது உங்களுக்கென்று ஒரு அறை இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரே வெறி. மலையைப் பார்த்த மாதிரி ஜன்னல் வைக்கிறார். மண் நல்ல மண் என்று நீங்கள் எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். உங்கள் முகாமிலிருந்து தெரியட்டும் என்றுதான் நீலத் தகரம் வாங்கினார். திடீரென்று ஒருநாள் அக்காவிடம் சொல்லி அசத்த வேண்டுமாம். ஜூன் மாதக் கடிதம் வந்ததிலிருந்து மனுஷன் சரியாகச் சாப்பிடுவதில்லை. கல்தான் அடுக்குகிறார்.

நேற்றிலிருந்து அடுப்படிக்குப் பின்னால் தண்ணீர் ஊறி வருகிறது. கலங்கல் தண்ணீர். நான் சொன்னால், "உனக்கு என்ன தெரியும்?" என்கிறார். நீங்கள் சொன்னால்தான் கேட்பார். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் தம்பி மனைவி


மலை முகாம்
ஆகஸ்ட் 28

தம்பி,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. ஜீப்காரரை நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். கால் தரையில் ஊன்ற முடியவில்லை, இல்லாவிட்டால் நானே வந்து உன் காதைப் பிடித்து இழுத்துப் போயிருப்பேன். என்னை ஜீப்பில் ஏற்றச் சொன்னேன். பாதை இருக்கிற இருப்பில் காயம்பட்ட ஆளை ஏற்ற மாட்டேன் என்கிறார்.

அந்த ஆளைப் பார்த்தேன் என்று எழுதினாயே, கண்ணாடியிலா பார்த்தாய்?

உன் பெண்டாட்டியைத் திட்டாதே. உங்கள் வீட்டில் புத்தி இருக்கிற ஒரே ஆள் அவள்தான். அடுப்படிக்குப் பின்னால் கலங்கல் தண்ணீர் வந்தால், மலைக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் யோசிக்க ஒன்றும் இல்லை. பாத்திரம், பண்டம், உளி, ரம்பம் எதையும் பார்க்காதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் வாண்டுவைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய்விடு.

மண் நல்ல மண் என்று நான்தான் எழுதினேன். எதற்குக் கேட்கிறாய் என்று இரண்டாம் முறை கேட்காமல் விட்டதும் நான்தான். ஆனால் அதற்காக நீ அங்கே உட்கார்ந்திருக்காதே. எனக்கு அந்த அறை வேண்டாம். ஜன்னலும் வேண்டாம். நீ பட்டறையில் மரத்தூளில் ஒரு பாய் விரித்துக் கொடு, காலத்துக்கும் அங்கே கிடக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் இல்லாமல் எனக்கு வேறு யாரடா இருக்கிறார்கள்?

கிளம்பிவிட்டேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. அது வரும்வரை நான் இங்கே மனுஷியாக இருக்க மாட்டேன்.

அக்கா


மலை முகாம்
செப்டம்பர் 9

தம்பி,

யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியாமல் எழுதுகிறேன். நீ கிளம்பியதாக எழுதச் சொன்ன அந்த ஒரு வரி வரவில்லை. போன வாரம் ஜீப் வரவில்லை, பாதையில் பாலம் போய்விட்டதாம். பத்து நாளாக மேகம் முகாமைச் சுற்றி மூடியிருந்தது. கையை நீட்டினால் கை தெரியாது. கீழே என்ன இருக்கிறது, இல்லை என்று ஒன்றும் தெரியாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று மத்தியானம் சத்தம் கேட்டது. இடி இல்லை. இடி விட்டுவிடும், இது விடவில்லை. என்னோடு வேலை செய்பவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனார்கள்.

இன்று காலை மேகம் விலகியது. வெள்ளைப்பட்டை நின்ற இடத்தில் செக்கச்செவேல் என்று அடிமண். இரண்டு பக்கமும் கருங்குட்டைகள் அப்படியே நிற்கின்றன, ஒன்றுகூட அசையவில்லை. நீலத் தகரத்தைத் தேடினேன். மண்ணுக்கு மேலே ஒரு துண்டாவது, ஒரு ஓரமாவது தெரியாதா என்று கண் வலிக்கும்வரை தேடினேன். நீலம் எங்கேயும் இல்லை.

நீ ரொம்பச் சின்னப் பையனாக இருந்தபோது ஒளிந்துகொண்டு, தேடி அலுத்து நான் அழ ஆரம்பித்ததும் சிரித்துக்கொண்டே வெளியே வருவாய். நான் அழுதுவிட்டேன். வந்துவிடு.

முகாமில் ஒருவர் நடந்தே இறங்குகிறார். இதைப் பட்டறையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வாங்கிக்கொள்ள அங்கே யாராவது இருக்க வேண்டும்.

அக்கா


பட்டறை
செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இருக்கிறேன். மூன்று பேரும் இருக்கிறோம். வாண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து மரத்தூளை ஊதிக்கொண்டிருக்கிறாள். முதலில் இதைப் படித்து மூச்சு விட்டுக்கொள். மற்றதைப் பிறகு படி.

உன் கடிதம் வந்த அன்றே இவளையும் குழந்தையையும் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். "கண்ணாடியிலா பார்த்தாய்" என்ற இடத்தில் இவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளம்பிவிட்டோம் என்று எழுதி வைத்தேன். ஜீப் போகவில்லை. நீ சாப்பிடாமல் கிடப்பாய் என்று தெரியும். எப்படிச் சொல்வது? யோசித்து யோசித்து, ஏழாம் தேதி இரண்டு ஆட்களோடு போய்க் கூரையைப் பிரித்தேன். நீலம் இல்லையென்றால் காலி செய்துவிட்டார்கள் என்று மேலேயிருந்து உனக்குத் தெரிந்துவிடும், அன்றைக்காவது நிம்மதியாகத் தூங்குவாய் என்று நினைத்தேன். மேகம் மூடியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ பார்ப்பதற்குள் மலையும் வந்துவிடும் என்று தோன்றவில்லை. உனக்கு நிம்மதி தரப் போய் உன்னைக் கொன்றுவிட்டேன். மன்னித்துவிடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இவள் எப்படியும் எழுதிவிடுவாள். எட்டாம் தேதி மறுபடி போனேன். ஜன்னல் சட்டம் அங்கேயே இருந்தது. நீ சொன்னது நினைவிருந்தது, ஆனாலும் போனேன். தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தேன். மரங்கள் விழவில்லை, அக்கா. நின்றபடியே வந்தன. வரிசை கலையாமல், இலை ஆடிக்கொண்டே, அத்தனை வெள்ளைப்பட்டையும் நேராக என்னைப் பார்த்து நடந்து வந்தன. அடுக்கி வைத்த கல் எந்தப் பக்கம் போயிற்று என்றுகூடத் தெரியவில்லை. நான் ஓடவில்லை, சட்டத்தைப் பிடித்தபடி ரோட்டிலேயே நின்றேன். ரோட்டைத் தொடுவதற்குள், மலைப்பக்க ஓடையிலேயே மண் நின்றுகொண்டது.

நல்ல மண்ணில் வேகமாக வளர்ந்தது நிலைக்கு ஆகாது என்று உனக்கு எழுதியவன் நான். மரம் அறுக்கும்போது தெரிந்தது, வீடு கட்டும்போது தோன்றவில்லை.

தகரம் பத்திரம். சட்டமும் பத்திரம், ஒரு மூலை மட்டும் தேய்ந்திருக்கிறது. ஒரு ஜன்னலும் ஒரு கூரையும் இருக்கிறது, நடுவில் வீடுதான் இல்லை. நீ இறங்கி வந்ததும் இடம் நீயே பார். கருங்குட்டை நிற்கிற இடமாகப் பார்.

தம்பி


மலை முகாம்
செப்டம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று பேருக்குத் தனித்தனியாகச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நாலாவது முறை எனக்கு மட்டும் படித்துக்கொண்டேன்.

ஜன்னலுக்காகத் திரும்பிப் போனதற்கு உன்னை என்ன செய்வது என்று நேரில் வந்து முடிவு செய்கிறேன். இந்தக் கடிதம் கொண்டுவரும் ஆள் இன்றே இறங்குகிறார், நாளை கம்பு ஊன்றிக்கொண்டு மெதுவாக நானும் இறங்கப் போகிறேன்.

இடம் பார்க்க வேண்டியதில்லை. ஊருக்கு மேற்கே, கல் பள்ளத்துக்கு மேலே ஒரு மேடு இருக்கிறது. கருங்குட்டை தவிர வேறெதுவும் அங்கே முளைத்ததில்லை. தோண்டினால் கடப்பாரை தெறிக்கும். கீரைகூட வராது, உன் வீட்டுக்காரி என்னைத் திட்டுவாள். அங்கே கட்டலாம்.

அதுவரை அந்தத் தகரத்தைப் பட்டறைக்கு மேலே விரித்து வை. நாளைக் காலை மேகம் இல்லாவிட்டால், இறங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா